ஏன் ஆண்கள் அணிக்குப் போகவில்லை?

வணக்கம் மேடம். போன மாதம் அமெரிக்கப் பயிற்சியாளர் பாட் சம்மிட் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். என் மகள் கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிறாள். பட்டம் முடித்ததும் கோச் ஆகப் போகிறேன் என்கிறாள். இதை நம்பி ஒரு பெண் வாழ முடியுமா? அங்கே சம்பளமெல்லாம் எப்படி? இன்னொரு சந்தேகம். சம்மிட் அவ்வளவு திறமைசாலி என்றால் ஏன் ஆண்கள் அணிக்குப் போய்த் தன்னை நிரூபிக்கவில்லை? யூடியூபில் பார்த்தேன், அந்தப் பிள்ளைகளை அவர் முறைப்பது பாவமாக இருந்தது.
ஆர்., நாமக்கல்

அன்புள்ள ஆர்.,

சம்பளத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1974இல், முதுகலை படிக்க வந்த 22 வயதுப் பெண்ணிடம் டென்னசி பல்கலைக்கழகம் பெண்கள் அணியை ஒப்படைத்தது. மாதம் 250 டாலர். 2006இல் அதே பெண் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டினார். பெண்கள் கூடைப்பந்தில் அதுவரை எந்தப் பயிற்சியாளரும் தொடாத தொகை. இதை வைத்து உங்கள் மகளுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

முறைத்தார், சரி. வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டம் கிடையாது. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். அவரிடம் கடைசி வருடம்வரை ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். அந்த முறைப்பை வாங்க என் பெண்ணை நானே அனுப்பியிருப்பேன்.

இனி அந்த 'நிரூபிக்க'. யாரிடம் நிரூபிக்க வேண்டும்? டென்னசி பல்கலைக்கழகம் தன் ஆண்கள் அணியை ஏற்கச் சொல்லி அவரிடம் பேசியது, ஒருமுறையல்ல, இரண்டு முறை. இரண்டு முறையும் மறுத்துவிட்டார். அன்றுவரை தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளுக்குள் ஒருமுறைகூட வராத ஆண்கள் அணி அது. இவரோ 1997-98இல் ஆடிய 39 ஆட்டங்களிலும் ஜெயித்தவர். மொத்தம் எட்டுத் தேசியக் கோப்பைகள், 38 பருவங்கள், 1,098 வெற்றிகள். யார் யாரிடம் உதவி கேட்டார்கள் என்று பாருங்கள். அப்படியும் நமக்கு அது இவருக்குக் கிடைத்த பதவி உயர்வாகத்தான் தெரிகிறது!

அவரை எதை விட்டுப் போகச் சொல்கிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும். ஊர்ப் பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்பதால், மகள் ஆட வேண்டுமென்று குடும்பமே வீடு மாறியது. அண்ணன்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. இவருக்கு அப்பா அம்மாதான் பணம் கட்டினார்கள். பயிற்சியாளரான புதிதில் வேனை ஓட்டியதும் சீருடையைத் துவைத்ததும் அவரேதான். அந்தச் சீருடையும் டோனட் விற்ற காசில் வாங்கியது. டென்னசி மாநிலப் பள்ளிகளில் அப்போது பெண்களுக்குத் தனி விதி இருந்தது. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் தாக்க, மூன்று பேர் தடுக்க. யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் பெண்கள் களைத்துவிடுவார்களாம். இவர் அதை எதிர்த்துப் பேசினார். 1979இல் அந்த விதி ஒழிந்தது. இப்படித் தரையிலிருந்து கட்டியதைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாடியில் குடியேறினால்தான் உங்களுக்குத் திருப்தியா?

கேளுங்கள், இதைவிட வேடிக்கை உண்டு. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டம் வந்தது, பணம் வந்தது, பின்னாலேயே ஆண்களும் வந்தார்கள். இன்று பாதிகூட இல்லை. பெண்கள் அணிக்கு வந்த ஆண் யாரையாவது பார்த்து 'நிரூபிக்கவா வந்தீர்கள்' என்று நீங்கள் கேட்டதுண்டா?

எங்கள் பள்ளி பி.டி. டீச்சர் மாவட்டப் போட்டிக்கு எங்களை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போவார். டிக்கெட் அவர் காசு. ஒருமுறை தோற்று அழுதுகொண்டு வந்தோம். பரோட்டா வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டு முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் பஸ்ஸில் ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே கோட்டை விட்டாள் என்று சொன்னார். கோபமே இல்லாத குரல். ஊரில் அவரைப் பார்க்கிறவர்கள் அக்கறையாக விசாரிப்பார்கள்: "பசங்க டீம் இன்னும் குடுக்கலையா டீச்சர்?" கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். நல்ல மனுஷர்தான், உங்களைப் போல.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்றீர்கள். கஷ்டமாக இருக்கும். 1990இல் நிறைமாதத்தில் ஒரு மாணவியைத் தன் அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியா போன சம்மிட்டுக்கு அங்கேயே வலி கண்டுவிட்டது. விமானத்தை வழியில் எங்கும் இறக்கவிடாமல், தன் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் வந்துதான் பிள்ளை பெற்றார். அந்த மாணவி வேறு கல்லூரிக்குப் போய், அப்புறம் இவரிடமே வந்து 1996இல் கோப்பை வாங்கினாள். 2011இல் மறதிநோய் என்று தெரிந்ததும் அதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு இன்னொரு பருவமும் அணியை நடத்தினார். 64 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு வந்தவர், ஒரு காலத்தில் அவரிடமே ஆடிய ஹாலி வார்லிக்.

உங்கள் மகளுக்கு: பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்கு ஒரு வருட டிப்ளமோ நடத்துகிறது. விண்ணப்பத்தை அவளே போடட்டும். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவள் களத்தில் ஆடும் இடம் கார்டா, சென்டரா என்று ஒரு வார்த்தை இல்லை. இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.