திருடு போய்த் திரும்பிய கார்: முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி: திருடு போன என் கார் ஒன்பது நாள் கழித்துக் கிடைத்தது. ஓட்டுநர் பக்கக் கதவுக் கண்ணாடி உடைந்திருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடி பெயர்ந்து வயர்கள் தொங்குகின்றன. சாவித் துவாரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகிவிடும் போலிருக்கிறது. திருட்டுக்குக் காப்பீடு இல்லை, கையில் பணமும் குறைவு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நானே சரிசெய்யலாமா?

பதில்: பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். ஆனால் அந்த ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை இப்போதைக்கு அடக்கிக்கொள்ளுங்கள். ஆயில் இல்லாமலோ, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வற்றியோ நிற்கும் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டாலும் போதும், நீங்கள் ஒதுக்கிய பணம் மொத்தமும் அதற்கே போய்விடும்.

காவல்துறையின் சோதனை முடிந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். தடித்த கையுறை இல்லாமல் சீட்டுக்கு அடியில் கையை விடாதீர்கள். ஊசி, பிளேடு, கண்ணாடித் துண்டு எதுவும் அங்கே கிடக்கலாம். உங்களுடையதல்லாத பொருள் கிடைத்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

இனி ஸ்டீயரிங். செலவைக் குறைக்க வழி இருப்பதும், உயிருக்கு ஆபத்து இருப்பதும் இங்கேதான். சாவி நுழையும் உருளை வேறு, அதற்குப் பின்னால் மின்சாரத்தைப் பிரித்துவிடும் இக்னிஷன் சுவிட்ச் வேறு. பல கார்களில் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும். உருளை மட்டும்தான் உடைந்திருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஸ்டீயரிங் பூட்டையும் முரட்டுத்தனமாகத் திருகி உடைத்திருந்தால் கதை வேறு. பூட்டின் முறிந்த துண்டு உள்ளே சிக்கி, ஓடும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளலாம். அப்படியானால் பூட்டுக் கூட்டையே மாற்றுங்கள், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்தக் கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் தலை இருக்காது. தொழிற்சாலையில் இறுக்கும்போதே தலை முறிந்துவிடும்படி செய்யப்பட்டவை அவை. உளியால் ஒரு பள்ளம் வெட்டி, ஓரத்தில் வைத்து இடஞ்சுழியாக மெல்லத் தட்டினால் கழன்று வரும்.

தொங்கும் வயர்களை முறுக்கி டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். வெட்டிய முனையின் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும்வரை நறுக்கி, வயரிங் வரைபடத்தைப் பார்த்து ஈயம் வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போடுங்கள். மஞ்சள் நிற இணைப்பு எதுவும் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது. மல்டிமீட்டரைக்கூட அதில் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்திருந்தாலோ, ஸ்டீயரிங் வளையத்தையே கழற்ற வேண்டியிருந்தாலோ, அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கண்ணாடி சுலபமான வேலைதான், பொறுமை மட்டும் வேண்டும். பக்கக் கண்ணாடி கற்கண்டுபோல் சிறு சிறு கட்டிகளாக நொறுங்கும், அதில் பாதி கதவுக்குள்ளே விழுந்திருக்கும். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி வாக்குவம் போட்டு உறிஞ்சுங்கள். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளில் அடைத்திருப்பதைக் கம்பியால் தள்ளுங்கள். கண்ணாடி ஏறி இறங்கும் தடத்தில் ஒரே ஒரு கட்டி மிச்சமிருந்தாலும் புதுக் கண்ணாடியில் கோடு விழும். அதே மாடலின் பழைய கண்ணாடி தாராளமாகப் போதும். மழை உள்ளே புகுந்திருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள பஞ்சு நாள் கணக்கில் தண்ணீரை வைத்திருக்கும், அதனடியில் ஓடும் மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கும்.

அடுத்து வண்டியின் அடிப்பகுதி. திருட்டு வண்டியை யாரும் பள்ளம் மேடு பார்த்து ஓட்டுவதில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் நசுங்கல், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் வளைவு, டயரின் உள்பக்கச் சுவரில் புடைப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) சோதியுங்கள், நடுவில் யாராவது சக்கரத்தைக் கழற்றியிருக்கலாம். பிரேக், சீட் பெல்ட் இரண்டையும் மறக்க வேண்டாம்.

ஆயிலும் கூலன்ட்டும் அளவு சரியாக இருந்தால், பேட்டரி முனையைத் திரும்ப மாட்டி இப்போது ஸ்டார்ட் செய்யலாம். சத்தம் காதைக் கிழித்தால், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரைப் புகைக்குழாயிலிருந்து அறுத்தெடுத்திருக்கலாம். காரின் கணினியில் பதிவாகும் கோளாறுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டி, பதிவாகியிருக்கும் கோளாறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்தே செய்ய வேண்டிய வேலை சாவிதான். இம்மொபிலைசர் (பதிந்த சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) உள்ள வண்டியென்றால், பதிவில் உள்ள எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு உங்கள் கையில் இருப்பதை மட்டும் மீண்டும் பதியச் சொல்லுங்கள். அசல் சாவியே திருடனிடம் போயிருந்தால் கதவுப் பூட்டுகளையும் மாற்றுங்கள். வண்டி எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். சீட் கிழிசல், பெயின்ட் கீறல், பாட்டுப்பெட்டி எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.