குளோரின் போட்ட கிணறு, ஆனாலும் ஒழுங்கை முழுக்க வயிற்றோட்டம்

கேள்வி (ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய்): மாரி வெள்ளம் எங்கள் கிணற்றுக் கட்டுக்கு மேலால் பாய்ந்தது. வடிந்த பிறகு இறைத்தோம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போட்டார். தண்ணீரைச் சோதித்துக் கிருமி இல்லை என்றார்கள். ஆனால் வெள்ளம் வந்து பத்து நாளில் அந்தக் கிணற்றில் அள்ளும் ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். இரத்தம் போகவில்லை. இரண்டு கிழமையாக விட்டு விட்டு இழுக்கிறது. தண்ணீர்தான் காரணமா? யாரிடம் சொல்வது?

பதில்: தண்ணீராக இருக்க நிறைய இடமுண்டு. சோதனை முடிவைப் பார்த்து உங்கள் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம். வழமையான சோதனை கோலிபோம் என்ற பற்றீரியாவைத்தான் தேடும். குளோரின் அதைச் சீக்கிரம் கொன்றுவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ தடித்த ஓட்டுக்குள் இருப்பது. குடிநீரில் விடுகிற அளவு குளோரினில் நாட்கணக்காக உயிரோடு கிடக்கும். ஜியார்டியா என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் பற்றீரியாவை விட நன்றாகத் தாங்கும். பி.எச்.ஐ. செய்ததில் பிழை இல்லை. அந்தச் சோதனை இவற்றைத் தேடவே இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன "பத்து நாள்" எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிகெல்லா என்ற பற்றீரியாவால் இரத்தமும் சளியும் போகும் வயிற்றுளைவு என்றால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தொடங்கிவிடும். கிரிப்டோஸ்போரிடியத்துக்குச் சராசரியாக ஒரு கிழமை, ஜியார்டியாவுக்கு ஒன்று முதல் இரண்டு கிழமை பிடிக்கும். ஆகவே நேற்று என்ன சாப்பிட்டது என்று தேடுவதில் பயனில்லை. ஓட்டம் தொடங்குவதற்கு முந்தின இரண்டு கிழமையில் எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று தேடுங்கள். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் மாட்டுப் பட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். கன்றுகளின் கழிச்சலில் கிரிப்டோஸ்போரிடியம் ஏராளமாக வெளியேறும். பட்டி எருவையும் மலசலகூடக் குழியையும் கிணற்றையும் வெள்ளம் ஒன்றாக்கிவிடும்.

இனி, யாரிடம் சொல்வது. இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகித்தால் வைத்தியர் எச் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார். பி.எச்.ஐ. வீடு தேடி வந்து விசாரிப்பார். அந்தத் தகவல் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு வரை போகும். வயிற்றுளைவும் செங்கண்மாரியும் அந்தப் பட்டியலில் உண்டு, இரத்தமில்லாத சாதாரண வயிற்றோட்டம் இல்லை. ஐந்து தாய்மார் ஐந்து நாளில் ஐந்து இடத்தில் மருந்து எடுத்தால் ஐந்தும் தனித்தனி வயிற்றோட்டமாகவே முடிந்துவிடும். ஒழுங்கை முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பவர் நீங்கள்தான்.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் கிரிப்டோஸ்போரிடியத்தால் நோயுற்றார்கள். அங்கே குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் போட்டிருந்தார்கள், அன்றைய தரக் கட்டுப்பாட்டிலும் அது தேறியிருந்தது. பாமசிகளில் வயிற்றோட்ட மருந்து தீர்ந்துபோனதும், வேலைக்கும் பாடசாலைக்கும் ஆட்கள் வராததும்தான் முதலில் காட்டிக்கொடுத்தன. நமக்கும் பாமசிக்காரரும், வரவு இடாப்பு வைத்திருக்கும் வகுப்பாசிரியரும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேளுங்கள்.

ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள்: பிள்ளையின் வயது, ஓட்டம் தொடங்கிய திகதி, எந்தக் கிணறு, கொதிக்க வைத்ததா பச்சைத் தண்ணீரா, ஐஸ்பழம் வாங்கியதா. நோய் வராத வீடுகளையும் கட்டாயம் எழுதுங்கள். அதே ஒழுங்கையில் குழாய்க் கிணற்றில் அள்ளும் வீட்டுக்கு ஒன்றும் இல்லை என்றால், அந்த ஒரு வரி விசாரிக்கிறவருக்குப் பெரிய துப்பு. கொப்பியைப் பி.எச்.ஐ.யிடம் காட்டுங்கள். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கொடுங்கள்.

வைத்தியரிடம் மலப் பரிசோதனை கேட்கும்போது "ஒட்டுண்ணி பார்க்க வேண்டும், ஒரே கிணற்றில் பல பிள்ளைகளுக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஜியார்டியா தினமும் மலத்தில் வெளிவராது; வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது. கிரிப்டோஸ்போரிடியத்துக்குத் தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும், கேட்காவிட்டால் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள்.

அதுவரை குடிக்க, பல் துலக்க, பால்மா கரைக்கக் கொதித்தாறிய நீர் மட்டுமே. கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு, துணியை நாலாக மடித்து வடித்து, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். இரண்டு ஒட்டுண்ணியும் அதில் செத்துவிடும். பாமசியில் ஓட்டத்தை நிறுத்தும் குளிசை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புப் பொடி) கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். கண் குழிந்தால், சலம் குறைந்தால், பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தால், கொப்பியும் வேண்டாம், மாதிரியும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.