பழைய அட்மின் போய்விட்டார்: அவர் கணக்கையும் சர்வரின் ஐபியையும் வெளியே மாட்டிக்கொள்ளாமல் மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகக் கிளையில் உபுண்டு 22.04 ஓடும் சர்வர் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது பொறுப்பு என்னிடம். அவருடைய கணக்கை மூட வேண்டும், புதிதாக வந்த இரண்டு பேருக்குக் கணக்குத் திறக்க வேண்டும், சர்வரின் ஐபி முகவரியையும் 192.168.1.10-லிருந்து 192.168.1.50-க்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். சர்வர் வேறு ஊரில் இருப்பதால் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் உள்ளே போக முடியும். எந்த வரிசையில் செய்வது?

பதில்: சர்வர் பக்கத்து அறையில் இருந்தால் மானிட்டரையும் கீபோர்டையும் செருகிச் சரிசெய்துவிடலாம், வேறு ஊரில் இருக்கும்போது ஒரே ஒரு எழுத்துப் பிழைக்காகப் பஸ் பிடித்துப் போக வேண்டி வரும், அதனால் செய்வதற்கு முன்பே கேட்டது நல்லது. நீங்கள் சொன்ன மூன்று வேலைக்கும் முறை ஒன்றுதான். புதியதை முதலில் சேருங்கள், வெளியிலிருந்து புதிதாக உள்ளே வந்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகு பழையதை எடுங்கள். கணக்கு வேலைகளை ஒரு நாளிலும் ஐபி வேலையை இன்னொரு நாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்து ஏதாவது நின்றுபோனால் எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பதற்குள் நாள் போய்விடும்.

கமாண்டுகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன், அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடங்களில் அது முக்கியம்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு டெர்மினலில் தனித்தனியாக லாகின் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வேலை செய்யுங்கள், இன்னொன்றில் 'சூடோ மைனஸ் ஐ' கொடுத்து ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்காக, நிறுத்தி வையுங்கள், அதை வேலை முடியும்வரை மூடவே வேண்டாம். எஸ்எஸ்ஹெச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் அறுந்து போகாது. சூடோ குரூப்பிலிருந்து (ரூட் அதிகாரத்தோடு கமாண்ட் கொடுக்க அனுமதி உள்ளவர்களின் குழு) உங்கள் பெயர் தவறிப்போனாலும் ரூட்டாக நிற்கும் அந்த செஷனுக்கு ஒன்றும் ஆகாது. 'கெட்என்ட் குரூப் சூடோ' என்று கொடுத்தால் சூடோ குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று வரும். அதில் உங்கள் பெயர் இல்லாமல், சூடோயர்ஸ் ஃபைலில் தனி வரியாக அனுமதி கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை, அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

புதியவர்களுக்குக் கணக்குத் திறக்க 'ஆட்யூசர்', 'யூசர்ஆட்' என்று இரண்டு கமாண்டுகள் இருக்கின்றன, பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். உபுண்டுவிலும் டெபியனிலும் 'யூசர்ஆட்' என்று பெயரை மட்டும் கொடுத்தால் கணக்கு உருவாகும், ஹோம் டைரக்டரி உருவாகாது. 'ஆட்யூசர்' ஹோம் டைரக்டரியையும் போட்டு, பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கும், அதையே பயன்படுத்துங்கள். இருவருக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு கணக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். நாளைக்கு யார் எதைச் செய்தார்கள் என்று லாகைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒருவர் போகும்போது இன்னொருவரின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டிவரும்.

அப்புறம் சூடோ அனுமதி. 'யூசர்மாட் மைனஸ் சின்ன ஏ பெரிய ஜி', அதன்பின் குரூப்பின் பெயர், அதன்பின் ஆளின் பெயர். அந்தச் சின்ன ஏ-யை விட்டுவிட்டால் சேர்ப்பதற்குப் பதிலாக மாற்றிவைக்கும். அதாவது அந்த ஆள் ஏற்கெனவே இருந்த மற்ற எல்லாத் துணைக் குரூப்புகளிலிருந்தும் நீக்கப்பட்டு, நீங்கள் எழுதிய குரூப்பில் மட்டும் இருப்பார். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், என் கணக்கையே டாக்கர் குரூப்பில் சேர்க்கப் போய் அந்த ஏ-யை விட்டுவிட்டேன். உடனே ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் குரூப் மாற்றம் அடுத்த லாகினில்தான் செஷனுக்குள் வரும். மறுநாள் காலையில் லாகின் செய்தால் சூடோ குரூப்பில் நான் இல்லை. உபுண்டுவில் ரூட் கணக்கின் பாஸ்வேர்டு இயல்பாகவே பூட்டித்தான் இருக்கும் என்பதால் அந்த வழியும் இல்லை, சர்வர் இருக்கும் இடத்துக்கே போய் ரெக்கவரி மோடில் ஏற்றித்தான் சரிசெய்தேன். அதிலிருந்து எந்த சர்வரிலும் சூடோ உள்ளவர்கள் இரண்டு பேராவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன், உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

எஸ்எஸ்ஹெச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகினுக்குப் பயன்படும் சாவி) வைக்கும்போது வருகிற பிரச்சினை பெரும்பாலும் பெர்மிஷன்தான். புதியவரின் ஹோமுக்குள் டாட் எஸ்எஸ்ஹெச் டைரக்டரியை நீங்கள் ரூட்டாக இருந்து உருவாக்கினால் அதன் சொந்தக்காரர் ரூட்டாகவே இருப்பார், அவரால் தன் கீயைப் படிக்க முடியாது, லாகின் மறுக்கப்படும். 'சி-ஹோன் மைனஸ் பெரிய ஆர்' கொடுத்து அவர் பெயருக்கு மாற்றுங்கள். பெர்மிஷன் எண் டைரக்டரிக்கு 700, அதற்குள் கீ எழுதியிருக்கும் ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைலுக்கு 600. ஹோம் டைரக்டரியில் குரூப்புக்கு எழுதும் அனுமதி இருந்தாலும் எஸ்எஸ்ஹெச் ஏற்காது. எல்லாம் முடிந்ததும் புதியவரையே அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து லாகின் செய்து ஒருமுறை சூடோ கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது போனவரின் கணக்கு. பாஸ்வேர்டு கமாண்ட் இருக்கிறதே, நடுவில் ஓ, ஆர் இரண்டும் இல்லாமல் எழுதுவது, அதில் மைனஸ் சின்ன எல் போட்டால் கணக்கு பூட்டிவிடும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஷேடோ ஃபைலில் உள்ள அவருடைய பாஸ்வேர்டு ஹேஷுக்கு (பாஸ்வேர்டின் மறைவடிவம்) முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடும், அதனால் எந்தப் பாஸ்வேர்டும் பொருந்தாது. எஸ்எஸ்ஹெச் கீ வைத்திருப்பவர் பாஸ்வேர்டே கொடுப்பதில்லையே, அவர் வழக்கம்போல உள்ளே வந்துவிடலாம். அந்தக் கமாண்டின் கையேடான மேன் பக்கமே இதைச் சொல்லி, கணக்கை முடக்க 'யூசர்மாட் மைனஸ் மைனஸ் எக்ஸ்பயர்டேட் 1' என்று கொடுக்கச் சொல்கிறது. 1 என்பது 1970 ஜனவரி 2. கணக்கு அன்றைக்கே காலாவதி ஆனதாகக் கருதப்படும், கீ இருந்தாலும் உள்ளே வர முடியாது. இரண்டையும் செய்யுங்கள்.

ஆனால் காலாவதி ஆக்குவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் கணக்கின் பெயரில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'கிரான்டேப் மைனஸ் எல் மைனஸ் யூ' போட்டு அவர் பெயரைக் கொடுத்தால் அவருடைய கிரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள், தெரியும். சின்ன அலுவலகங்களில் இரவு பேக்கப் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு காலாவதியானால் கிரானும் அந்த வேலையை ஓட்ட மறுத்துவிடும், திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, லாகில் ஒரு வரி மட்டும் விழும். அந்தப் பேக்கப் தேவைப்படும் நாளில்தான் அது எப்போதோ நின்றுபோனது தெரியவரும். எனவே அந்த வேலைகளை முதலில் தனியான ஒரு சர்வீஸ் கணக்குக்கு மாற்றி, ஒரு ராத்திரி ஓடவிட்டு, பேக்கப் ஃபைல் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 'பிஎஸ் மைனஸ் யூ' கொடுத்து அவர் பெயரில் ஓடும் புராசஸ்களையும், /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் டைரக்டரியில் உள்ள சர்வீஸ் ஃபைல்களில் எதிலாவது யூசர் என்ற வரியில் அவர் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பேக்கப்புக்காக ஒரு ராத்திரி காத்திருக்கும்போது அவருடைய கீயை மட்டும் அன்றைக்கே எடுத்துவிடலாம், அதனால் கிரான் பாதிக்காது.

கீ அவருடைய ஹோமில் மட்டும்தான் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். ரூட்டின் ஆத்தரைஸ்ட் கீஸ், வெப்சைட் டிப்ளாய் செய்யப் போட்ட கணக்கு, டேட்டாபேஸ் கணக்கு என்று எங்கெல்லாம் ஷெல் உண்டோ அங்கெல்லாம் அந்த ஃபைலைத் திறந்து, வரி வரியாக இது யாருடைய கீ என்று கேளுங்கள். யாருடையது என்று சொல்ல முடியாத கீ அங்கே இருக்கக் கூடாது. /ஈடிசி/பாஸ்வேர்டு ஃபைலில் (இதிலும் ஓ, ஆர் இல்லை) ஒவ்வொரு வரியிலும் ஏழு கட்டங்கள் உண்டு, மூன்றாவது கட்டம்தான் யூஐடி, அதாவது அந்தக் கணக்கின் எண். அதில் 0 இருக்கும் வரி ரூட் ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். வேறு பெயரிலும் 0 இருந்தால் அதுவும் முழு ரூட்தான். சூடோயர்ஸ் டாட் டி டைரக்டரியையும் பாருங்கள், மாற்றுவதாக இருந்தால் விசூடோ வழியாக மட்டும் மாற்றுங்கள், அது எழுத்துப் பிழையைச் சேமிப்பதற்கு முன்பே பிடித்துக்கொடுக்கும்.

கணக்கு காலாவதியானாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் மூடாது. 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து அடித்தால் இப்போது உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள். அவர் இருந்தால் 'பி-கில் மைனஸ் யூ' போட்டு அவர் பெயரைக் கொடுத்து வெளியேற்றலாம்.

கணக்கை அழிப்பதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். முடக்கிவைத்து ஓரிரு மாதம் விடுங்கள். ஃபைல்களின் மேல் சிஸ்டம் எழுதிவைப்பது பெயரை அல்ல, 1003 மாதிரி ஒரு எண்ணை. ஆளை அழித்துவிட்டால் ஹோமுக்கு வெளியே கிடக்கும் அவருடைய ஃபைல்கள் அந்த எண்ணோடு அப்படியே கிடக்கும், பிறகு ஆட்யூசர் காலியான அந்த எண்ணைப் புதிதாக வரும் ஒருவருக்குக் கொடுக்கலாம், அவர் லாகின் செய்த நிமிடமே பழையவரின் ஃபைல்களுக்கெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிடுவார். எனவே அழிப்பதற்கு முன் 'ஃபைண்ட்' கமாண்டில் மைனஸ் யூசர் கொடுத்துத் தேடி, கிடைத்தவற்றின் சொந்தக்காரரை மாற்றுங்கள்.

அடுத்து ஐபி. முதலில் 192.168.1.50 காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிங் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், சில விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபயர்வால் காரணமாகப் பிங்குக்குப் பதில் சொல்லாது. பிங் கொடுத்த உடனே 'ஐபி நெய்பர்' கொடுத்துப் பாருங்கள், அந்த முகவரிக்கு நேராக ஒரு மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வந்தால் யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ரவுட்டர் டிஹெச்சிபி வழியாகத் தானாகக் கொடுக்கும் வரிசைக்குள் 50 வரக் கூடாது என்பதையும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 'ஐபி ஆட்ரஸ் ஆட்' கொடுத்து 192.168.1.50/24-ஐப் பழைய முகவரியோடு கூடவே சேருங்கள். ஒரு நெட்வொர்க் கார்டில் இரண்டு முகவரி தாராளமாக இருக்கலாம். /24-ஐ மறக்காதீர்கள், விட்டால் அது /32, அதாவது ஒற்றை முகவரி மட்டும், ஆகிவிடும். இப்படிச் சேர்ப்பது மெமரியில் மட்டும்தான், ரீபூட் ஆனால் போய்விடும், நமக்கு இந்த நேரத்தில் வேண்டியதும் அதுதான். இன்னும் தைரியம் வேண்டுமென்றால், கமாண்டுக்கு முன் 'ஷட்டவுன் மைனஸ் ஆர் +10' கொடுத்துவிடுங்கள். தொடர்பு அறுந்தாலும் பத்து நிமிடத்தில் சர்வர் தானாக ரீபூட் ஆகிப் பழைய முகவரியோடு வரும். எல்லாம் சரியாக இருந்தால் 'ஷட்டவுன் மைனஸ் சி' கொடுத்து ரத்து செய்யுங்கள், மறந்துவிடாதீர்கள்.

இப்போது இன்னொரு டெர்மினலிலிருந்து 50-க்கு எஸ்எஸ்ஹெச் செய்யுங்கள். இந்த முகவரியைத் தெரியாது, சர்வரின் கைரேகை (அதை அடையாளம் காட்டும் எழுத்து வரிசை) இது, தொடரலாமா என்று கேட்கும். பழைய முகவரியில் உள்ள அதே கைரேகைதானா என்று ஒப்பிட்டுவிட்டுச் சம்மதம் கொடுங்கள்.

உள்ளே வர முடிந்தால் நிரந்தரமாக எழுதலாம். /ஈடிசி/நெட்பிளான் டைரக்டரியில் நெட்வொர்க் அமைப்பு எழுதியிருக்கும் யாம்ல் ஃபைலை ஒரு பிரதி எடுத்து ஹோமில் வைத்துவிட்டு, முகவரிப் பட்டியலில் 10, 50 இரண்டையும் எழுதுங்கள். டேப் அடிக்கக் கூடாது, ஸ்பேஸ் மட்டும். 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். அது மாற்றத்தைப் போட்டுவிட்டு 120 விநாடி காத்திருக்கும், அதற்குள் நீங்கள் என்டர் அடிக்காவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். 10-ஐ எடுத்துவிட்டு 50-ஐ மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் 10 வழியாக உட்கார்ந்திருக்கும் செஷன் அந்த நொடியே உறைந்துபோகும், என்டர் அடிக்க வழியில்லாமல் நல்ல மாற்றமும் திரும்பிப் போய்விடும். பலர் நெட்பிளான் வேலை செய்யவில்லை என்று சொல்வது இதைத்தான். இரண்டையும் எழுதியிருந்தால் அந்தச் சிக்கலே வராது. ஃபைலின் பெயரில் கிளவுட் இனிட் என்று இருந்தால், அந்தப் பெயருள்ள நிரல் ரீபூட்டில் உங்கள் எழுத்தை மேலெழுதக்கூடும். அந்த ஃபைலின் மேலேயே நெட்வொர்க் அமைப்பை அதனிடமிருந்து விலக்குவது எப்படி என்று எழுதியிருக்கும், அதை முதலில் செய்யுங்கள்.

பழைய முகவரியை ஒரு வாரமாவது கூடவே விட்டுவையுங்கள். 'எஸ்எஸ் மைனஸ் டிஎல்என்பி' கொடுத்தால் எந்தெந்த சர்வீஸ் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று வரும். 0.0.0.0 (எல்லா முகவரியும்) என்று இருந்தால் கவலையில்லை, 192.168.1.10 என்று எழுதியிருந்தால் அந்த சர்வீஸின் கான்ஃபிக்கை மாற்ற வேண்டும். 'எஸ்எஸ் மைனஸ் டிஎன்' கொடுத்தால் இன்னும் 10-ஐத் தேடி வருபவர்கள் யார் என்று தெரியும். ஸ்கேன் செய்து ஃபைல் அனுப்பும் பிரிண்டர், யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் மேப் செய்து வைத்த டிரைவ், இன்னொரு சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைல் எல்லாம் இங்கேதான் மாட்டும். ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, பட்டியலில் 10 வருவது நின்ற பிறகு, 50 வழியாக லாகின் செய்து நெட்பிளானிலிருந்து 10-ஐ எடுங்கள், மறுபடியும் 'ட்ரை' கொடுத்துத்தான். கிளையில் ஆள் இருக்கும் ஒரு பகல் நேரத்தில் ஒரு ரீபூட் கொடுத்து, அது 50-லேயே எழுந்து வருகிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.