அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால்?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. சில மாதங்களுக்கு முன் வீட்டிலேயே இதயம் நின்றுவிட்டது. அண்ணன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தான். 995 ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து ஷாக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். போன மாதம் எங்கள் சபைக்கு வந்த வெளியூர் ஊழியர் ஒருவர், தாம் 20 நிமிடம் இறந்து பரலோகம் போய் இயேசுவைப் பார்த்துத் திரும்பியதாகச் சாட்சி சொன்னார். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. "எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே காட்டல? நான் இரட்சிக்கப்படலையா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? அந்தச் சாட்சியை எழுதி உங்களுக்கு அனுப்பினேன், நீங்கள் வெளியிடவில்லை. மறுமை உண்டு என்பதற்கு இதைவிட வேறு என்ன நிரூபணம் வேண்டும்?
– பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, முதலில் அம்மாவின் கேள்வி. நிரூபணத்தைப் பிறகு பேசுவோம்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்கும் அவருடைய விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. இதயம் நின்று பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே நினைவிருப்பதில்லை. நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகளில் அப்படிப் பிழைத்த 344 பேரை இதய மருத்துவர் பிம் வான் லொம்மல் குழுவினர் விசாரித்து, 2001ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். 62 பேர்தான் ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். மீதி 282 பேரும் உங்கள் அம்மாவைப் போலத்தான். கடவுள் நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. வயது கூடியவர்களும், நீண்ட நேரம் நெஞ்சழுத்தம் கொடுக்கப்பட்டு நினைவாற்றல் பாதிக்கப்பட்டவர்களும் குறைவாகவே சொன்னார்கள்.

காரணமும் புரியக்கூடியதுதான். இதயம் நின்ற 10 முதல் 20 விநாடிக்குள் மூளையின் மேற்பரப்பில் மின்னலைகள் அடங்கிவிடும். நன்றாக அழுத்தினாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். இதயம் மறுபடி துடித்ததும் கதை முடிவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குழாய் போட்டு, மிடாசொலாம், புரோபோபோல் போன்ற மயக்க மருந்து கொடுத்து, உடல் வெப்பம் ஏறாமல் ஒரு நாளாவது வைத்திருப்பார்கள். மிடாசொலாம் உடம்பில் இருக்கும்போது நடப்பது நினைவில் பதியாது. அம்மா எதையாவது கண்டிருந்தால்கூட, அது தங்காமல் போயிருக்கலாம். ஒன்றும் காணாமலும் இருந்திருக்கலாம். இரண்டிலும் தேவன் அவரைக் கைவிட்டதற்கு அடையாளம் எதுவும் இல்லை.

அவருக்கு வேதத்தை எடுத்து வாசித்துக் காட்டுங்கள். யவீருவின் மகளை உயிரோடெழுப்பியதும் இயேசு சொன்னது, அவளுக்கு ஆகாரம் கொடுங்கள் என்பது. என்ன பார்த்தாய் என்று யாரும் அந்தப் பிள்ளையைக் கேட்டதாக இல்லை. லாசரு நாலு நாள் கல்லறையில் கிடந்தவன். அவன் வாயிலிருந்து ஒரு சொல் யோவான் சுவிசேஷத்தில் பதிவாகவில்லை. நாயீன் விதவையின் மகனும் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளும் அப்படியே. பரதீசுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனுஷனைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். அவரே அந்த மனுஷன் என்றுதான் சபை காலங்காலமாக வாசித்து வந்திருக்கிறது. 14 வருஷம் கழித்து அதையும் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறார். கேட்ட வார்த்தைகள் "மனுஷர் பேசப்படாதவை" என்று நிறுத்திக்கொள்கிறார். மேடையேறி அதை விவரிக்கவில்லை. ஒன்றும் பார்க்காத உங்கள் அம்மா வேதத்துக்கு வெளியே நிற்கவில்லை.

இனி நிரூபணம். அந்தச் சாட்சியை நாங்கள் போடாததற்கு இடமின்மை காரணமல்ல. நிரூபணம் என்ற பெயரில் இனியும் போடமாட்டோம்.

"20 நிமிடம் இறந்தார்" என்பதே சரியல்ல. சிங்கப்பூர்ச் சட்டத்தில் மரணம் என்றால் இரத்த ஓட்டமும் மூச்சும் மீளமுடியாதபடி நின்றுபோவது, அல்லது மூளையின் செயல்பாடு முழுவதும் மீளமுடியாதபடி அற்றுப்போவது. மீண்டுவந்தவர் அந்த எல்லையைத் தாண்டவில்லை. மரணத்தின் வாசல்வரை போனார் என்று சொல்லலாம்; வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதற்கு அவரைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

அடுத்தது நேரம். அந்தக் காட்சி எப்போது நிகழ்ந்தது? நினைவு மங்கும்போதா, நெஞ்சை அழுத்தியபோதா, இரண்டு நாள் கழித்து மயக்கம் தெளியும்போதா? காட்சியில் கடிகாரம் கிடையாது. இதைப் பிடிக்க நேர்மையாக முயன்றவர் மருத்துவர் சாம் பார்னியா. உடலைவிட்டு மேலே மிதந்து கீழே பார்த்ததாகச் சிலர் சொல்வதால், அவருடைய குழு 15 மருத்துவமனைகளில், கூரையருகிலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி அலமாரித்தட்டுகளில் படங்களை வைத்தது. 2014ல் வெளியான முடிவின்படி, 2,060 பேருக்கு இதயம் நின்றது. 330 பேர் பிழைத்தார்கள். 140 பேரிடம் பேச முடிந்தது. சுற்றி நடந்ததைக் கண்டு கேட்டதாக விவரமாகச் சொன்னவர்கள் 2 பேர். அந்த இருவருக்கும் இதயம் நின்றது தட்டு இல்லாத இடத்தில். ஆகவே படத்தைப் பார்த்தவர் எவரும் இல்லை. அந்த இருவரில் ஒருவர் சொன்ன விவரங்கள் அறையில் நடந்ததோடு பொருந்தின என்பதும் உண்மை; அதை நாங்கள் மறைக்கமாட்டோம். எல்லாம் மூளையின் மாயம் என்று அடித்துப் பேசுவோருக்கும் போதிய ஆதாரம் கையில் இல்லை. 2023ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், செயற்கைச் சுவாசம் அகற்றப்பட்ட 4 பேரில் 2 பேருக்குக் கடைசி நிமிடங்களில் மூளை அலைகள் பொங்கி எழுந்ததைப் பதிவு செய்தார்கள். அவர்கள் பிழைக்கவில்லை, என்ன கண்டார்கள் என்று கேட்கவும் முடியவில்லை.

எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. இதை நிரூபணமாக எடுத்துக்கொண்டால், எமதூதர் வந்து இழுத்துப்போனார்கள், சித்திரகுப்தன் ஏட்டைப் பார்த்து 'ஆள் மாறிவிட்டது' என்று திருப்பி அனுப்பினான் என்று சொல்பவரின் அனுபவத்தையும் நிரூபணமாக ஏற்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986ல் அப்படிப்பட்ட 16 இந்திய அனுபவங்களை வெளியிட்டார்கள். சொன்னவர்கள் பொய்யர்கள் அல்ல. ஆள்மாறாட்டக் கதை நம் பக்கமும் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், கூர்மா என்ற பெயருள்ள இருவரைப் பற்றி எழுதினார்: ஒருவன் பிழைக்க, அதே பெயருள்ள கொல்லன் செத்தான். ஆறாம் நூற்றாண்டில் போப் கிரகோரி, ஸ்தேவான் என்ற ஒருவருக்குப் பதில் பக்கத்து வீட்டுக் கொல்லன் ஸ்தேவான் செத்த கதையைச் சொல்கிறார். மனிதர் அந்த நேரத்தில் காண்பது தாம் வளர்ந்த மொழியிலும் சமயத்திலும் உருவெடுக்கிறது. உங்கள் புளோக்கில் எதிர்வீட்டு இந்து அண்ணனிடம் இந்தச் சாட்சியைக் கொண்டுபோனால், அவர் தம் பாட்டியின் சாட்சியை எடுத்து வைப்பார். இரண்டுக்கும் ஒரே எடைதான்.

இப்படிக் கட்டிய நம்பிக்கை இடிந்தும் போகிறது. அமெரிக்காவில் 2004ல் கார் விபத்தில் சிக்கிய ஆறு வயதுச் சிறுவன் பரலோகம் போய்வந்ததாக 2010ல் ஒரு புத்தகம் வந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 2015 ஜனவரியில், நான் சாகவில்லை, பரலோகம் போகவில்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னேன் என்று அவனே பகிரங்கமாக எழுதினான். வேதமே போதும் என்றும் எழுதினான். பதிப்பகம் புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்தது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அதை வாசித்து மரணபயம் நீங்கியவர்களின் நிலையைத்தான் நினைக்கிறேன்.

நம்முடைய விசுவாசப்பிரமாணம் சொல்வது 'சரீர உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்.' ஆத்துமா பறந்துபோய்ப் பார்த்துவருவது அதில் இல்லை. சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம் செய்தால் 15 ஆண்டில் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். மண்டாயில் தகனம் செய்தால் மிஞ்சுவது சாம்பல். அந்தச் சாம்பலையும் எழுப்பக்கூடியவரை நம்புகிறோம். "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று எழுதிய பவுல், அதே அதிகாரத்தில் உயிர்த்தவரைக் கண்டவர்களின் பெயர்களைச் சொல்கிறார். ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்வது போன்ற எழுத்து அது. லாசரு மறுபடி செத்தான். கிறிஸ்து இனி மரிப்பதில்லை. அஸ்திபாரம் அங்கே இருக்கிறது.

நீங்கள் எழுதி அனுப்பிய சாட்சியில் எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு, நெஞ்சை அழுத்தியது யார், கண்விழித்தது எத்தனையாவது நாள் என்று ஒன்றுமே இல்லை. தங்கத் தெருவும் முத்து வாசலும் இருக்கின்றன. அவை வெளிப்படுத்தல் 21ல் ஏற்கெனவே இருப்பவை. சபையில் யாராவது இப்படி அனுபவம் சொன்னால், மேடைக்கு அழைக்கும் முன் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். "வெளிச்சத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் அதுவே நினைவாகிவிடும். "கடைசியாக நினைவிருப்பது என்ன? பிறகு?" என்று மட்டும் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, தேதியிட்டு வையுங்கள். கொடுத்த மருந்துகளின் விவரத்தை மருத்துவமனையில் எழுதிக் கேட்டு வாங்கலாம். ஆறு சபைகளில் சொன்னபின் கேட்டால், கிடைப்பது ஆறாவது பதிப்புதான். பயங்கரமான காட்சி கண்டவர்களும் உண்டு. வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேளுங்கள்.

அம்மாவின் தூக்கமின்மைக்கு ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். இதயம் நின்று பிழைத்தவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மறதி வருவது சாதாரணம். அடுத்த முறை இதயப் பரிசோதனைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போய், எத்தனை மணிக்கு விழிக்கிறார், என்ன சொல்லி அழுகிறார், பெயர்கள் மறக்கின்றனவா என்று தாதியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அம்மா தாமாகச் சொல்லமாட்டார்.