மாத்திப் படிக்கச் சொன்னா 'அருமை'ன்னு மட்டும் எழுதுறாங்களா?

கேள்வி: பிஏ தமிழ் முதல் வருஷத்துக்கு குறுந்தொகை எடுக்குறேன். பசங்க எழுதின கட்டுரைய ஒருத்தருக்கொருத்தர் மாத்திக் குடுத்து கருத்து எழுதச் சொன்னா 'அருமை', 'சந்திப்பிழை இருக்கு', இதத் தாண்டி ஒண்ணும் வர்றதில்ல. என்ன பண்ணலாம்?

பதில்: 'கருத்து எழுது'ன்னு மொட்டையா சொன்னா அப்படித்தாங்க வரும். ஃப்ரெண்டு கட்டுரைல குறை சொல்ல மனசு வராது, சங்கப் பாட்டுன்னா நமக்கே சரியா புரியலையோன்னு பயம் வேற, அதனால கண்ணுல பட்ட ஒற்றுப்பிழைய சுழிச்சிட்டு குடுத்துடுவாங்க.

ரெண்டே கேள்விக்கு பதில் எழுதச் சொல்லுங்க. கட்டுரை எழுதினவன் சொல்ற விஷயம் பாட்டுல எந்த வரில இருக்கு? பாட்டுல இருந்தும் கட்டுரைல வராம போனது எது? எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம். குறுந்தொகைல கபிலர் பாடின 25ஆம் பாட்டு, 'யாரும் இல்லைத் தானே கள்வன்', அஞ்சே அடி. 'தலைவனும் தலைவியும் சேர்ந்ததுக்கு குருகுதான் (கொக்கு மாதிரி ஒரு பறவை) சாட்சி'ன்னு எழுதிட்டு அடுத்த பாராவுக்கு போயிடுவாங்க. மாத்திப் படிக்கிறவன் பாட்ட பக்கத்துல வெச்சு தேடினா 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்' விட்டுப்போச்சுன்னு தெரியும். அந்தக் குருகு ஓடுற தண்ணில ஆரல் மீனுக்காக காத்துட்டு நிக்குது, இவங்களயா கவனிச்சிருக்கும்? இருந்த ஒரே சாட்சியும் உதவாது, அவன் பொய் சொல்லிட்டா நான் என்ன பண்றதுன்னு தலைவி தவிக்கிறது அப்பதான் உறைக்கும். இதயே நீங்க சொன்னீங்கன்னா அப்படியே நோட்ல எழுதிப்பாங்க, அவ்ளோதான்.

இன்னொரு சிக்கல், எல்லாரும் ஒரே கைடு. ரெண்டு பேரும் அதே உரையப் படிச்சிருந்தா யாருக்கும் ஓட்டை தெரியாது. அதனால பாதி கிளாஸுக்கு 25, மீதிக்கு 3ஆம் பாட்டு ('நிலத்தினும் பெரிதே', தேவகுலத்தார்) குடுத்து குறுக்க மாத்துங்க. படிக்கிறவங்க கைல பாட்டும் அருஞ்சொற்பொருளும் மட்டும் இருக்கட்டும், உரை வேணாம்.

மார்க் போடுற வேலைய மட்டும் பசங்ககிட்ட விடாதீங்க, சண்டைலதான் முடியும். வந்த கேள்விகள வெச்சு அவங்களே திருத்தி எழுதினதும் அதுக்கு நீங்க மார்க் போடுங்க, சந்திப்பிழையெல்லாம் அப்ப பாத்துக்கலாம். திருத்தி எழுத டைம் குடுக்கலன்னா இவ்ளோ பண்ணியும் வேஸ்ட்டுதான், அடுத்த வாட்டி பழையபடி 'அருமை'தான் வரும்.