பழைய பிரிட்டிஷ் வீடியோ கேம் பத்திரிகைகளை இன்னமும் ஏன் தேடித் தேடிப் படிக்கிறாங்க? அதுல அப்படி என்னதான் இருந்துச்சு?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கேம் பத்தின தகவலுக்காக இன்னிக்கு யாரும் அதைப் படிக்கிறதில்ல, தகவல் வேணும்னா யூட்யூப்ல பத்து நிமிஷத்துல கிடைச்சிடும். படிக்கிறது அதை எழுதின ஆளுங்களுக்காக. இன்னாருக்கு ஷூட்டிங் கேம்னா உயிர், இன்னாருக்கு ஃபுட்பால் கேம்னாலே ஆகாது, இவர் 80 குடுத்தா நமக்கு 60தான் தேறும்னு வாசகனுக்கு அத்துப்படியா இருந்த காலம் அது.

நான் இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்தவன், சின்ன வயசுல இதுல ஒண்ணைக் கூட பார்த்ததில்ல. ஆபீஸ்ல 50 தாண்டின சில பேர் லஞ்ச் டைம்ல க்ராஷ், ஸாப்னு அந்தப் பத்திரிகைகளைப் பத்திப் பேசிட்டு இருப்பாங்க, நம்ம ஊர்ல சுஜாதா தொடர்கதை எந்த வாரத்தோட நின்னுச்சுன்னு பேசுவோமே அந்த மாதிரி ஒரு தீவிரத்தோட. என்னதான் இது னு இன்டர்நெட் ஆர்கைவ்ல ஸ்கேன் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன், அப்புறம் விடவே இல்ல.

முதல்ல அந்தக் காலம் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். 1982 ஏப்ரல்ல சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம்னு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வந்துச்சு, 16கே மெமரி உள்ளது 125 பவுண்ட், 48கே உள்ளது 175 பவுண்ட். கேம் எல்லாம் ஆடியோ கேசட்டுல வரும், டேப் ரெக்கார்டர்ல போட்டா கீச் கீச்னு கத்திக்கிட்டு அஞ்சு நிமிஷம் லோட் ஆகும், சில சமயம் கடைசி நொடியில புட்டுக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த கேம் எப்படி இருக்கும்னு பார்க்க வழியே கிடையாது. கேசட் அட்டையில ராட்சசன், விண்கலம், தீப்பிழம்புன்னு ஓவியம் போட்டிருப்பான், உள்ள பார்த்தா நாலு கட்டம் அங்கயும் இங்கயும் ஓடும். கேஸ்கேட்னு ஒரு கம்பெனி ஒரே கேசட்டுல 50 கேம், கூட கால்குலேட்டர் வாட்ச் இலவசம்னு பத்திரிகைகள்ல விளம்பரம் போட்டு வித்தாங்க, அந்த 50ம் எவ்வளவு மட்டம்னு இன்னிக்கும் அந்த ஊர்ல தனி சிரிப்பே உண்டு. பாக்கெட் மணியைச் சேர்த்து மாசம் ஒரு கேசட் வாங்குற பையனுக்கு விமர்சனம்ங்கறது பொழுதுபோக்கு இல்ல, பாதுகாப்பு.

கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ் பத்திரிகை 1981 நவம்பர்லயே வந்துடுச்சு, அது லண்டன் பக்கத்துப் பெரிய கம்பெனி பாணி. எனக்குப் பிடிச்ச கதை க்ராஷோடது. லட்லோன்னு ஷ்ராப்ஷயர்ல வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர், பழைய கோட்டை, வாரச் சந்தை, அவ்வளவுதான். அங்க ராஜர் கீன், ஆலிவர் ஃப்ரே, ஆலிவரோட தம்பி ஃப்ராங்கோ மூணு பேரும் சேர்ந்து நியூஸ்ஃபீல்டுன்னு ஒரு கம்பெனி வெச்சு, தபால்ல கேம் விக்கறதுக்காக க்ராஷ்னு ஒரு கேட்டலாக் போட்டாங்க. அந்த கேட்டலாக்தான் 1984 பிப்ரவரி இதழோட பத்திரிகையா மாறுச்சு. கேம் விளையாடி கருத்து சொல்ல ஆள் வேணுமே, உள்ளூர் ஸ்கூல் பசங்களைப் பிடிச்சாங்க! ஸ்கூல் விட்டதும் வந்து விளையாடுவானுங்க, என்ன தோணுதோ அதைச் சொல்லுவானுங்க. ஒவ்வொரு கேமுக்கும் மூணு பேரோட கருத்து தனித்தனியா அச்சாகும். ஒருத்தன் சூப்பர்ம்பான், பக்கத்துலயே இன்னொருத்தன் போர் அடிக்குதும்பான், ரெண்டையும் அப்படியே விட்டுடுவாங்க. எடிட்டர் உட்கார்ந்து ஒரே குரலா மாத்தி வழவழன்னு ஆக்க மாட்டார். 1986ல அது விக்கிற எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுச்சு.

ஆலிவர் ஃப்ரே பத்தி தனியாவே ஒரு பதில் எழுதலாம். ஸ்விட்சர்லாந்துல பிறந்தவர், பிரிட்டிஷ் காமிக்ஸ்ல வரைஞ்சு பழகினவர், போர்க்கதை புத்தகங்கள், ட்ரைகன் எம்பயர் எல்லாம் வரைஞ்சிருக்கார், 1978ல வந்த சூப்பர்மேன் படத்தோட ஆரம்பத்துல ஒரு காமிக்ஸ் புத்தகம் புரளுமே அது இவர் கை வேலைதான். முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவி படிச்சு வளர்ந்தவங்களுக்கு இந்த அட்டைகளைப் பார்த்த உடனே ஏதோ தெரிஞ்ச வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கும், ஏன்னா ரெண்டுமே அதே பிரிட்டிஷ் காமிக்ஸ் பரம்பரை. கேம்ல பத்து பிக்ஸல்ல நிக்கிற ஒரு பொம்மையை வெச்சு இவர் வேர்வை சொட்டுற வீரன், வாயைப் பிளந்த பிராணின்னு மாசம் மூணு நாலு அட்டை ஏர்பிரஷ்ல வரைஞ்சு தள்ளினார். பாதி கேமை அந்தப் பசங்க இவர் அட்டையை மனசுல வெச்சுக்கிட்டுதான் விளையாடியிருப்பானுங்க. 2022ல போயிட்டார், சில மாசத்துலயே ராஜர் கீனும் போயிட்டார்.

க்ராஷ் ஓடினதைப் பார்த்து 1985ல காமடோர் 64ங்கற இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டருக்குன்னு ஸாப் 64 ஆரம்பிச்சாங்க. இதுல விமர்சகர்களோட முகத்தையே கார்ட்டூனா வரைஞ்சு ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்துல போட்டாங்க, கேம் நல்லா இருந்தா வாயெல்லாம் பல்லு, மோசமா இருந்தா தூங்கி வழியுற மூஞ்சி. எழுத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடியே மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணிடலாம். ஜூலியன் ரிக்னல், கேரி பென் ரெண்டு பேரும் ஆர்கேடு கேம் போட்டியில கலக்கினவங்க, அந்தப் பழக்கத்துலதான் வேலைக்கு வந்தாங்க. ரிக்னல் பின்னாடி மீன் மெஷின்ஸ் பத்திரிகையை நடத்தினார், கேரி பென் முதல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ உருவானதுல பங்கு எடுத்தார். அந்த ஸாப்போட முதல் எடிட்டர் யார் தெரியுமா, கிறிஸ் ஆண்டர்சன். ஆமா, அதே டெட் டாக்ஸ் கிறிஸ் ஆண்டர்சன்தான். பாகிஸ்தான்ல பிறந்து, முசூரியில உட்ஸ்டாக் ஸ்கூல்ல படிச்ச மனுஷன். ஸாப்பை விட்டு வெளிய வந்து 1985லயே ஃப்யூச்சர் பப்ளிஷிங்னு சொந்தமா ஆரம்பிச்சு ஆம்ஸ்ட்ராட் ஆக்‌ஷன் பத்திரிகை போட்டார், அந்தக் கம்பெனிதான் பின்னாடி பாத் நகரத்துல உட்கார்ந்துக்கிட்டு பிரிட்டன்ல பாதி கேம் பத்திரிகையை வெளியிட்டுச்சு.

பத்திரிகைங்களுக்குள்ள சண்டையும் பிரமாதமா இருக்கும். 1985ல க்ராஷ் தன்னோட போட்டியாளரான சின்க்ளேர் யூசரை நக்கல் பண்ணி அன்கிளியர் யூசர்னு உள்ளயே சில பக்கம் போலிப் பத்திரிகை போட்டுச்சு, அவங்க கோர்ட்டுக்குப் போய் தடை வாங்கிட்டாங்க, மிச்சம் இருந்த பிரதிகள்ல அந்தப் பக்கங்களைப் பிச்சு எடுத்துட்டு விக்க வேண்டியதாப் போச்சு. பக்கம் கிழியாத பிரதி வெச்சிருக்கறவங்க அதை பீரோவுல பூட்டி வெச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ற பக்கம் விமர்சனம் இல்ல, வாசகர் பக்கங்கள்தான். கடிதம், மேப், போக். மேப்னா, பசங்க கேமை முழுசா விளையாடி ஒவ்வொரு ரூமா கிராஃப் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனால வரைஞ்சு தபால்ல அனுப்புவாங்க, பத்திரிகை அதை ரெண்டு பக்கத்துக்கு விரிச்சுப் போடும். போக்னா மெமரியில ஒரு குறிப்பிட்ட இடத்துல நம்பரை மாத்தி ஏமாத்துறது. மேனிக் மைனர்ல உயிர் தீராம விளையாட போக் 35136, 0. இந்த நம்பரை ஆபீஸ்ல ஒரு பெரியவர் யோசிக்காம சொன்னார், தன்னோட இப்போதைய போன் நம்பர் அவருக்கு நினைவுல இருக்கான்னு எனக்கு சந்தேகம். 1984ல ஜெட் செட் வில்லி வந்தப்ப மேல்மாடி ரூமுக்குள்ள போயிட்டு வந்தா வேற சில ரூம்ல நுழைஞ்ச உடனே செத்துப் போற மாதிரி ஒரு பக் இருந்துச்சு, அதாவது கேமை முடிக்கவே முடியாது. கம்பெனிக்காரங்க முதல்ல அசராம அந்த ரூம்ல விஷவாயு இருக்கு, அப்படித்தான்னு சமாளிச்சாங்க. அப்புறம் அதைச் சரி பண்ற போக்கும் பத்திரிகையிலதான் வந்துச்சு. இன்னிக்கு பேட்ச் டவுன்லோட் பண்றோமே, அன்னிக்கு அதைக் கடையில காசு குடுத்து வாங்கி கையால டைப் அடிக்கணும்.

டைப் அடிக்கிறதுன்னா அது தனி தண்டனை. முழு கேமோட புரோகிராமை, பேசிக்ங்கற கம்ப்யூட்டர் மொழியில, அஞ்சாறு பக்கத்துக்குப் பொடி எழுத்துல அச்சடிச்சிருப்பாங்க, ரெண்டு மூணு மணி நேரம் அடிச்சு ரன் குடுத்தா எர்ரர் வரும், தப்பு உன்னோடதா அச்சாபீஸோடதான்னு தெரியாது, அடுத்த மாசம் திருத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இதுல ஒரு தலைமுறை புரோகிராமிங் கத்துக்கிச்சுன்னு சொல்றது நிஜம்தான், ஆனா அதே அளவு பசங்க வெறுத்துப் போய் கால்பந்து விளையாடப் போயிருப்பானுங்கன்னும் தோணுது.

படம் எடுக்கறது இன்னொரு கூத்து. ஸ்கிரீன்ஷாட் பட்டன் எல்லாம் ஏது, ரூமை இருட்டாக்கி டிவிக்கு முன்னாடி கேமராவை ஸ்டாண்ட்ல நிறுத்தி ஃபிலிம்ல எடுப்பாங்க. ஒருத்தன் விளையாடுவான், இன்னொருத்தன் சரியான நேரத்துல க்ளிக் பண்ணணும். அந்தப் படங்கள்ல ஓரம் வளைஞ்சு தெரியறதுக்கு இதான் காரணம்.

காமெடிக்கு யுவர் சின்க்ளேர். யுவர் ஸ்பெக்ட்ரம்னு 1984ல ஆரம்பிச்சு 1986 ஜனவரில பேர் மாத்தினது. தெரசா மாகன் கொஞ்ச காலம் எடிட்டரா இருந்தாங்க, வாசகர்களுக்கு ட்ஸர்னு செல்லப்பேர்ல தெரியும், பசங்க கூட்டத்துல ஒரு பெண் எடிட்டர்ங்கறது அன்னிக்குப் பெரிய விஷயம். படத்துக்குக் கீழ வர்ற ஒரு வரியில, அட்ரஸ் போடற கட்டத்துல, விலை போடற மூலையில கூட ஏதாவது ஜோக் ஒளிச்சு வெச்சிருப்பாங்க. கேம் பத்தி எதுவுமே சொல்லாம முக்கால் பக்கம் டீ, பிஸ்கட்னு போகும், கடைசி ரெண்டு வரியில தீர்ப்பு வரும். இதை சுத்த வெட்டின்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்கும், ஏன்னா பத்து பைசாவுக்குத் தேறாத கேமைப் பத்தி ரெண்டு பக்கம் வேற என்னத்தை எழுதறது.

மார்க் விஷயத்துக்கு வருவோம், கொண்டாட்டத்துக்கு நடுவுல யாரும் இதைச் சரியா சொல்றதில்ல. பல பத்திரிகைகள் 100க்கு மார்க் போடும், ஆனா நடைமுறையில 70க்குக் கீழ போனாலே அது ஃபெயில். விளம்பரம் குடுக்கறதும் கேம் கம்பெனி, விமர்சனத்துக்கு காப்பி அனுப்பறதும் அதே கம்பெனி, உங்களுக்கு மட்டும் முதல்ல தர்றோம்னு ஆசை காட்டறதும் அதே கம்பெனி. கேம் முழுசா முடியறதுக்கு முன்னாடியே விமர்சனம் வந்த கதையெல்லாம் உண்டு. இதுக்கு எதிரா நின்னது 1991 மே மாசம் ஃப்யூச்சர் கம்பெனி அமிகா கம்ப்யூட்டருக்குன்னு ஆரம்பிச்ச அமிகா பவர். 50ன்னா சுமார், அதுதான் நடு, மோசமான கேமுக்கு ஒற்றை இலக்கம்னு சொன்னாங்க, சொன்னபடி இன்டர்நேஷனல் ரக்பி சேலஞ்சுக்கு 2 போட்டாங்க. படிக்கிறவனுக்கு கொண்டாட்டம், கேம் கம்பெனிங்களுக்கு வயித்தெரிச்சல், சில பேர் காப்பி அனுப்பறதையே நிறுத்திட்டாங்க. அமிகா பவர் ஆளுங்க சில சமயம் தன்னைத்தானே ரொம்ப ரசிச்சுக்குவாங்க, அது கொஞ்சம் ஓவர்தான். ஆனா காசு போட்டு வாங்குறவன் பக்கம் நிக்கணும்னு வெளிப்படையா சொல்லி அதை 1996 செப்டம்பர்ல மூடற வரைக்கும், 65 இதழ், விடாம செஞ்சாங்க. என்னைக் கேட்டா மொத்தக் கூட்டத்துலயும் உருப்படியான பத்திரிகை இதுதான்.

அசிங்கமும் உண்டு, மறைக்க வேண்டாம். 1987ல பார்பேரியன் கேமுக்கு மரியா விட்டேகர்னு ஒரு மாடலை பிகினியில நிக்க வெச்சு பக்கம் பக்கமா விளம்பரம், படிக்கிறது பன்னெண்டு வயசுப் பசங்க. பொண்ணுங்களும் கேம் விளையாடுவாங்கங்கற நினைப்பே பல இதழ்கள்ல கிடையாது. இன்னிக்குப் புரட்டும்போது சில பக்கம் கூச்சமாவே இருக்கும்.

முடிஞ்சது எப்படின்னா, ஒரு பக்கம் ஸ்பெக்ட்ரமும் காமடோரும் வயசாகி ஓய்ஞ்சுது, இன்னொரு பக்கம் எல்லாரும் அட்டையில கேசட் ஒட்டிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் ஒரு கேம் குடுத்தா அடுத்தவன் ரெண்டு, அப்புறம் நாலு, கடைசியில பத்திரிகையே கேசட்டோட வர்ற துண்டுச்சீட்டு மாதிரி மெலிஞ்சு போச்சு. 1991ல நியூஸ்ஃபீல்டு திவாலாச்சு. வேற கம்பெனி எடுத்து நடத்தியும் க்ராஷ் 1992 ஏப்ரலோட சரி, நக்கலடிச்ச அதே சின்க்ளேர் யூசரோட சேர்த்துட்டாங்க. யுவர் சின்க்ளேர் 1993 செப்டம்பர்ல 93வது இதழோட விடை சொல்லிடுச்சு.

அடுத்த மாசமே, 1993 அக்டோபர்ல, எட்ஜ் வந்துச்சு. மழமழ தாள், பெரியவங்க படிக்கிற தோரணை, எழுதினவர் பேரே போடாத விமர்சனம், பத்துக்கு மார்க். டூம் கேமுக்கு 7 குடுத்துட்டு, அதுல சுட்டுத் தள்ள வேண்டிய பிராணிகளோட பேசிப் பழகி நட்பா இருக்க முடிஞ்சா எப்படி இருக்கும்னு கேட்டு எழுதினது இன்னிக்கு வரைக்கும் மீம். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க, இப்ப எதிரிகளோட பேசிப் பழகுற கேம் எத்தனையோ வந்தாச்சு. நல்ல பத்திரிகைதான், மரியாதை உண்டு, ஆனா பேர் இல்லாத குரலோட எனக்கு ஒட்டல. அதே சமயத்துல பிசி ஸோன் பத்திரிகையில சார்லி ப்ரூக்கர் எழுதிட்டு இருந்தார், பிளாக் மிரர் டிவி தொடர் எடுத்தவர்தான். 1998ல அவர் போட்ட ஒரு கொடூர மிருகக்காட்சிசாலை கேலிப் பக்கத்துனால அந்த இதழையே கடைகள்ல இருந்து எடுத்துட்டாங்க.

படிக்கணும்னு தோணினா இன்டர்நெட் ஆர்கைவ்ல க்ராஷ், ஸாப், யுவர் சின்க்ளேர், அமிகா பவர் எல்லாமே ஸ்கேனா கிடக்கு, இலவசம். கிறிஸ்மஸ் இதழ்ல ஆரம்பிங்க, விளம்பரம் குவிஞ்சு குண்டா இருக்கும், அந்த வருஷமே அதுல தெரியும். அச்சுப் பிரதிதான் வேணும்னா இ-பேல தேடலாம், ஆனா க்ராஷோட முதல் சில இதழுக்கு ஆசைப்படாதீங்க, கலெக்டருங்க விட மாட்டாங்க, 1987, 1988 வருஷத்து இதழ்கள் போதும், படிக்க அதுவும் நல்லாத்தான் இருக்கும். விமர்சனத்தை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல கடிதப் பக்கத்தைத் திறங்க, க்ராஷ்ல லாய்டு மேங்ரம்னு ஒருத்தர் வாசகர்களுக்கு முறைச்சு முறைச்சு பதில் சொல்லிட்டு இருப்பார். அப்படி ஒரு ஆளே கிடையாது, ஆபீஸ்ல இருந்தவங்க அந்தப் பேர்ல எழுதினாங்க, ஆனாலும் மூட்டை மூட்டையா கடிதம் அவர் பேருக்குத்தான் வந்துச்சு.