பனியாறு மெலிவதை எப்படி அளக்கிறார்கள்? – கேள்வி பதில்

பனியாற்றின் முனை எவ்வளவு பின்வாங்கியது என்று பார்த்தால் போதாதா?

போதாது. முனை எப்போதும் தாமதமாகத்தான் சேதி சொல்லும். வெயிலுக்கும் பனிப்பொழிவுக்கும் ஏற்ப ஒரு பெரிய பனியாறு தன் நீளத்தைச் சரிசெய்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதிலும் கல்லும் மண்ணும் கனமாக மூடிய முனை என்றால், அடியில் இருக்கும் ஐஸ் மெதுவாகவே கரையும். முனை அதே இடத்தில் நிற்க, பனியாறு உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். புகைப்படத்தில் அது தெரியாது.

அப்போது எதை அளக்க வேண்டும்?

எடையை. ஒரு வருடத்தில் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கரைந்தது என்ற வரவு செலவுக் கணக்கு அது.

கீழ்ப்பகுதியில் நீராவியால் துளை போட்டு, ஐஸுக்குள் கழி இறக்குவார்கள். இமயத்தில் பெரும்பாலும் மூங்கில் கழிதான். நட்ட அன்று கழியின் தலை ஐஸ் மட்டத்தில் இருந்தது என்று வையுங்கள். கோடை முடிந்து போனால் ஒன்றரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கழி எழவில்லை, சுற்றியிருந்த ஐஸ்தான் இறங்கிவிட்டது. ஐஸின் அடர்த்தி தண்ணீரில் சுமார் 0.9 பங்கு என்பதால், போனது ஏறக்குறைய 1.35 மீட்டர் தண்ணீர்.

மேல்பகுதியில் குழி வெட்டுவார்கள். வெள்ளைப் பனியை வெட்டிக்கொண்டே இறங்கினால் ஓரிடத்தில் மங்கலாக ஒரு அழுக்குக் கோடு வரும். போன கோடையில் படிந்த தூசி அது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் இந்த வருட வரவு. அடுக்கடுக்காக எடை போட்டு அடர்த்தி பார்ப்பார்கள்.

செயற்கைக்கோள் இருக்கும்போது எதற்கு இந்தச் சிரமம்?

இரண்டும் வேண்டும். உலகம் முழுக்கப் பார்க்கச் செயற்கைக்கோள்தான் கதி. 2000 முதல் 2019 வரை மலைப் பனியாறுகள் ஆண்டுக்குச் சுமார் 26,700 கோடி டன் இழந்தன என்பது அப்படிக் கிடைத்த கணக்கு. ஆனால் அதன் அடிப்படை பரப்பின் உயர மாற்றம். அதை எடையாக்க அடர்த்தியை ஊகித்தாக வேண்டும். கழியிலோ சிறுசிறு பிழைகள் வருடாவருடம் சேர்ந்துகொண்டே போகும், அதைச் செயற்கைக்கோள் படம் திருத்தும். பனி குறைவாக விழுந்ததா, கோடை கடுமையாக இருந்ததா என்று பிரித்துச் சொல்வது கழியும் குழியும்தான்.

எத்தனை வருடம் அளக்க வேண்டும்?

முப்பது வருடமாவது. சுவீடனின் ஸ்டோர்கிளாசியாரன் பனியாற்றில் 1946 முதல் விடாமல் அளக்கிறார்கள். இமாசலத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் விடாத அளவு 2002-இல்தான் தொடங்கியது. நடுவில் பணமோ ஆளோ இல்லாமல் ஒரு தொடர் அறுந்தால் எனக்கு நிஜமாகவே வலிக்கும். அந்த வருடத்தின் அழுக்குக் கோட்டைப் பிறகு போய்த் தேட முடியாது.

காரகோர மலைத்தொடரில் சில பனியாறுகள் முன்னேறுகின்றனவே?

ஆமாம். அவற்றில் சில, மேலே தேங்கிய ஐஸ் திடீரென்று கீழே சரிவதால் நீள்பவை. அதனால் மட்டும் மொத்த எடை கூடிவிடாது.

கழி முழுக்க வெளியே வந்து விழுந்துவிட்டால்?

அதன் நீளத்துக்காவது கரைந்தது உறுதி, அதற்கு மேல் எவ்வளவு என்று தெரியாது. அதனால்தான் விழும் முன்பே போய், பக்கத்தில் புதுத் துளை போட்டு அடுத்த கழியை நட்டுவிடுவார்கள்.